தாமோதரன் போகவே இல்லை

சத்தியப்பிரியாவுக்கு நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. எழுதத்தான் வரவில்லை. புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் லாரிகளுக்கு பில் போடும் வேலை அவளுக்கு. வீடு காரைக்குடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை மரத்தடியில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து போனில் எழுதுவாள். முதல் அத்தியாயம் பறக்கும். இரண்டாவது நடக்கும். மூன்றாவதில் கதை காலை நீட்டிப் படுத்துவிடும். என்ன செய்தாலும் எழுந்திருக்காது.

அவள் எழுதுவதையெல்லாம் கணவன் செல்வம் படிப்பான். செல்போன் கடை வைத்திருப்பவன், பொய் சொல்லத் தெரியாதவன்.

“நல்லாத்தான் இருக்கு. அப்புறம்?” என்பான்.

“அப்புறம் தெரியலையே!”

“எழுதுற உனக்கே தெரியலைன்னா எனக்கு எப்புடித் தெரியும்?”

ஒரு நாள் உறவினர் வீட்டு விசேஷத்தில் சாப்பிடும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. குழம்பை ஒரு வாய் வைத்ததுமே, இதில் வெந்தயம் கொஞ்சம் தூக்கல், தேங்காயோடு கசகசாவும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள் என்று அவளால் சொல்லிவிட முடியும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல அது. தின்று தின்று வந்தது. நாவலையும் அப்படி ஏன் பழகக் கூடாது? ஓர் அத்தியாயம் படிக்க வேண்டியது. புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று தானே எழுத வேண்டியது. பிறகு புத்தகத்தைத் திறந்து, அதை எழுதினவர் என்ன செய்திருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. இலையில் பாயசம் விழுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளே பழைய புத்தகக் கடையில் ஒரு நாவலை எடுத்தாள். ‘இரட்டை அடுப்பு வீடு’ என்று பெயர். எழுதியவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பேர்பெற்ற நாவல் என்றால் முடிவை யாராவது சொல்லித் தொலைத்துவிடுவார்கள்.

படிக்க நேரம் கிடைத்தது ஆலை வேனில். தினமும் காலையில் காரைக்குடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோட்டையூர் வழியாகப் புதுவயலுக்குப் போகும் வேன். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ஓர் அத்தியாயம் படித்துவிட்டு, கண்ணை மூடி யோசித்து, போனில் தட்டுவாள். மறுநாள் புத்தகத்தைத் திறந்து பார்த்து நெற்றியில் அடித்துக்கொள்வாள். முதல் வாரம் முழுக்க அடிதான். ஒரு கணிப்புகூடச் சரியாக வரவில்லை. ஒருவர் அழுவார் என்று அவள் எழுதினால், அந்த ஆள் அங்கே கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

முன் இருக்கையில் உட்காரும் முத்தரசுதான் முதலில் கேட்டவர். நெல் ஈரப்பதம் பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு எதையும் சும்மா விடத் தெரியாது.

“ஏன் தங்கச்சி, தினமும் அந்தப் புத்தகத்தைத் திறக்குறே, தலையில அடிச்சுக்கிறே? அப்புடி என்னதான் எழுதியிருக்கு அதுல?”

சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகம்மை ஆச்சி கைப்பையை மூடிவிட்டுத் திரும்பினார். ஆலையின் கணக்கெல்லாம் அவர் கையில்தான். ஐம்பத்திரண்டு வயது, நேமத்தான்பட்டிக்காரர். அவர் திரும்பிப் பார்த்தால் ஆலையே கொஞ்சம் நின்றுதான் ஓடும்.

“கதை என்னன்னு சொல்லு. நானும் சொல்றேன் அடுத்து என்ன வரும்னு.”

சத்தியப்பிரியா சொன்னாள். ஒரே வீட்டில் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு, பல வருடங்களாகப் பேசாமல் வாழும் அக்கா தங்கை. அக்கா மரகதம், தங்கை தேவானை. அம்மா செத்த அன்றைக்கு, வெளியூரில் புருஷன் வீட்டில் இருந்த தங்கை வரவில்லை; பங்குக்கு வந்து சுவர் வைத்தது அதற்குப் பிறகுதான். அம்மாவின் முகத்தைப் பார்க்கக்கூட வராத கல்நெஞ்சுக்காரி என்று அக்காவுக்குக் கோபம். தனக்குத் தகவலே சொல்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று தங்கைக்குக் கோபம். அக்காவோ, மாமன் மகன் தாமோதரனைத்தான் தகவல் சொல்ல அனுப்பினாள். அவன் போய்ச் சொன்னதாகவும், தங்கை வர மறுத்துவிட்டதாகவும் வந்து சொன்னான்.

“தங்கச்சிக்காரி பொய் சொல்றா,” என்றார் முத்தரசு உடனே. “சொத்து விஷயம். நான் எத்தனை பாத்திருக்கேன்.”

“உங்களுக்கு எதுன்னாலும் சொத்துதான்,” என்றார் ஆச்சி. “அந்தப் புருஷன்காரன் தகவலை வாங்கிக்கிட்டு உள்ள சொல்லாம இருந்திருப்பான்.”

வேன் ஓட்டும் மருது கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். “நீங்க என்ன எழுதியிருக்கீக அக்கா?”

“தாமோதரன் போகவே இல்லை,” என்றாள் சத்தியப்பிரியா. “எங்கேயோ ஊர் சுத்திட்டு வந்து போனேன்னு பொய் சொல்லியிருக்கான்.”

“சேச்சே. சாவுச் செய்தியில யாரும் அப்புடிப் பண்ண மாட்டாக,” என்றார் முத்தரசு.

மறுநாள் காலையில் அவள் புத்தகத்தைத் திறந்தபோது வேனே மூச்சுவிடாமல் இருந்தது. சத்தமாக வாசித்தாள். தாமோதரன் குடித்துவிட்டு ஒருவனிடம் உளறுகிறான். அன்றைக்கு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எதிர்த் தியேட்டரில் புதுப்படம். டிக்கெட் கிடைத்துவிட்டது. படம் முடிந்தபோது கடைசி பஸ்ஸும் போய்விட்டது. எப்படியும் அவள் வரமாட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பிவிட்டான்.

“தாமோதரன் போகவே இல்லை!” என்று சத்தியப்பிரியா கத்திய கத்தலில் மருது பிரேக்கை மிதித்துவிட்டான். ஆச்சியின் டிபன் பாக்ஸ் உருண்டு முன்னால் போனது. யாரும் அதை எடுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து தாமோதரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் போட்ட பில்களில் ஒன்றில் ஓட்டுநர் பெயர் தாமோதரன் என்று விழுந்தது. மானகிரிக்காரர் ஒருவர் ஓட்டி வந்த லாரி அது. அவர் திரும்பி வந்து, “நான் ஐயனாருங்க,” என்றார் பாவமாக. சிரிப்பை அடக்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வேன் வேறு வேனாகிவிட்டது. முன்பெல்லாம் ஏறியதும் ஆளுக்கொரு போனில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். இப்போது ஏறும்போதே சண்டை தொடங்கிவிடும். முத்தரசு வீட்டுக்குப் போய் மனைவியிடம் கதையைச் சொல்லி, மறுநாள் மனைவியின் கணிப்பையும் கொண்டுவருவார். ஆச்சி ஒருமுறை காய்ச்சலில் லீவு போட்டவர், வேன் கிளம்பும் நேரத்துக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டார்.

சத்தியப்பிரியாவின் கணிப்புகள் ஒவ்வொன்றாகப் பலிக்கத் தொடங்கின. மரகதத்தின் மகன் தேவானை வீட்டில் ரகசியமாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறான் என்பதைச் சொன்னாள். தாமோதரனின் உளறல் ஊரெல்லாம் சுற்றி மரகதத்திடம் கடைசியாகத்தான் வந்து சேரும் என்பதைச் சொன்னாள். சரியாக வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பில் எடையே இல்லாததுபோல் இருக்கும். ஆலை வாசலில் இறங்கினால், அவிந்த நெல்லின் வாடைகூட அன்றைக்கு மல்லிகைப்பூவாக மணக்கும். நாவல் எழுதுவது என்றால் இவ்வளவுதானா, பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

கடைசி அத்தியாயம் வந்தது. மரகதத்துக்கு உண்மை தெரிந்துவிட்டது. விடியும்வரை தூங்காமல் இருந்தவள், வெளிச்சம் வந்ததும் எழுந்து, வழக்கம்போல் மோட்டாரைப் போட்டுவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம். கதவு திறந்தது.

சத்தியப்பிரியா பக்கத்தைப் புரட்டினாள். பின்னட்டை வந்தது.

“வாசி தங்கச்சி!”

“இல்லை.”

“என்ன இல்லை?”

“பக்கம் இல்லை. கிழிஞ்சு போயிருக்கு.”

வேனுக்குள் எழுந்த கூச்சலுக்கு, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறங்கி ஓரமாக நின்றுவிட்டார். முத்தரசு புத்தகத்தை வாங்கித் தலைகீழாக உதறிப் பார்த்தார். “உள்ள எங்குட்டாச்சும் இருக்கும், பாரு!” மருது வேனை ஓரம் கட்டிவிட்டு வந்து, தானும் ஒருமுறை உதறினான். ஒரு காய்ந்த பூ விழுந்தது. பக்கம் விழவில்லை.

“கதவைத் திறந்து வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு அவுக ரெண்டு பேரும் நிக்கிறது?” என்றார் ஆச்சி. “சத்தியா, நீ எழுதும்மா. உனக்குத்தான் எல்லாம் சரியா வருதுல்ல.”

அவள் எழுதினாள். மூன்றாவது அத்தியாயத்தில் எப்போதும் படுத்துவிடும் கை, இந்த முறை நிற்கவே இல்லை. மதியச் சாப்பாட்டை மறந்து எழுதினாள். மகளின் பாட்டு வகுப்பு முடிந்து, மகள் வந்து தோளைத் தொட்டு உலுக்கும்வரை எழுதினாள். செல்வம் படித்தான். முதல்முறையாக அவன் “அப்புறம்?” என்று கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடை சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை வேனில் வாசித்தாள். மரகதம் தங்கையின் காலில் விழுகிறாள். தேவானை அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கதறுகிறாள். “அம்மா முகத்தை உன் முகத்துல பாத்துக்கிறேன்க்கா” என்கிறாள். தாமோதரனை இழுத்து வருகிறார்கள். தெருவே பார்க்க அவன் கன்னத்தில் இரண்டு அறை. மரகதத்தின் மகன் கடப்பாரையால் நடுச்சுவரை இடிக்கிறான். அன்று இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

மருது வேனை நிறுத்தி எவ்வளவு நேரமாகியிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முத்தரசு கைக்குட்டையால் முகத்தை முழுதாக மூடியிருந்தார். ஆச்சி எழுந்து வந்து, வேனில் ஏறினால் இறங்கும்வரை எழுந்திருக்காதவர், அவளைக் கட்டிக்கொண்டு உச்சியில் முத்தம் வைத்தார். பின் இருக்கையில் கைதட்டினார்கள்.

ஆலைக்குப் போனபோது மேலாளர் வள்ளியப்பன் வாசலிலேயே நின்றார். லாரிகள் வரிசையில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

“எங்கே போயிருந்தீக எல்லாரும்?”

“சேந்துட்டாக சார்!” என்றான் மருது கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“யாரு?”

“அக்காவும் தங்கச்சியும்!”

அவர் தலையும் வாலும் புரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு மதியம் தானாகவே சத்தியப்பிரியாவின் மேசைக்கு வந்து, அந்தக் கதை என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். அச்சடிக்கலாம், போட்டிக்கு அனுப்பலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு வாரம் அவள் தரையில் நடக்கவில்லை.

ஆனால் நாகம்மை ஆச்சி சும்மா இருக்கவில்லை. இந்தப் புத்தகத்தின் முழுப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று தன் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டிருந்தார். அந்தக் குழுவில் சென்னையிலிருந்து சிங்கப்பூர்வரை ஆட்கள். பினாங்கில் இருக்கும் அவருடைய நாத்தனார் விசாலியிடம் ஒரு பிரதி இருந்தது. கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

ஆச்சி காலையில் வேனில் ஏறும்போதே போனை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“வந்துருச்சு,” என்றார்.

“படிச்சிட்டீகளா?” என்றார் முத்தரசு சந்தேகமாக.

“சத்தியமா இல்ல. நேத்துச் சாயங்காலம் வந்துச்சு. போனை அரிசிப் பானைக்குள்ள வச்சு மூடிட்டேன். இல்லைன்னா படிச்சிருப்பேன்.”

சத்தியப்பிரியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பரீட்சை முடிவு வரும் நாளில்கூட இப்படி இருந்ததில்லை. தாமோதரனுக்கு ஓர் அறையாவது விழுந்திருக்கும், சுவர் இடிந்திருக்கும், வார்த்தைகள்தான் கொஞ்சம் வேறாக இருக்கும் என்று உறுதியாக நினைத்தாள். “நீங்களே வாசிங்க ஆச்சி,” என்றாள்.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கதவு திறந்தது. தேவானை நின்றாள். தலைமுடி கலைந்திருந்தது, கையில் கோலப்பொடிக் கிண்ணம். மரகதம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், மரகதத்தின் வீட்டு மாடியிலிருந்து, முற்றத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. தேவானை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆச்சி படத்தை நகர்த்தினார். கடைசிப் பக்கம்.

“‘தொட்டி வழியுதுக்கா. மோட்டாரை நிறுத்து’ என்றாள் தேவானை. மரகதம் ஓடினாள்.”

ஆச்சி நிறுத்தினார்.

“அப்புறம்?” என்றார் முத்தரசு.

“அவ்வளவுதான். முற்றும்னு போட்டிருக்கு.”

முத்தரசின் முகம் சிவந்தது. “என்னங்க இது? அவ்வளவு வருஷம் கழிச்சுப் பேசுறா, மோட்டாரை நிறுத்துங்கிறா! மன்னிப்பு எங்கே? சுவரு அப்புடியேதான இருக்கு? தாமோதரனை ஒரு அடிகூட அடிக்கலையே!”

“அக்கான்னுட்டா,” என்றாள் சத்தியப்பிரியா.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். ஓடும் வேனில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “வழியுதுன்னு சொல்லல, ‘வழியுதுக்கா’ன்னு சொல்றா! அக்கான்னு கூப்பிட்டுட்டா! புத்தகம் முழுக்க அவ அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல! ‘அவ’, ‘அந்தம்மா’, ‘சுவருக்கு அந்தப்பக்கத்துக்காரி’. இப்ப வாய் தவறி வந்துருச்சு. தண்ணி வழியுறதைப் பாத்த பதட்டத்துல வந்துருச்சு!”

சொல்லிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த அழுகையையும் கடப்பாரையையும் பந்தியையும், யாரோ முகம் தெரியாத ஒருவர் ‘க்கா’ என்ற இரண்டே எழுத்தில் முடித்துவிட்டுப் போயிருந்தார். படுதோல்வி. ஆனால் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் எந்த வெற்றியிலும் கண்டதில்லை. இப்படியும் செய்யலாமா! இவ்வளவு கொஞ்சமாகவா!

“மரகதம் ஓடினாள்,” என்று ஆச்சி மெல்லத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் எட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். “தங்கச்சி சொன்னதும் ஓடுறா பாரு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.”

மருதுவும் சிரித்தான். பின் இருக்கைகளில் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். முத்தரசு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு நீ எழுதுனதுதான் தங்கச்சி. அதுல தாமோதரன் அடி வாங்குறான்.”

அவர் கடைசிவரை மனதை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் மனைவியும் அவர் கட்சிதான் என்று மறுநாள் வந்து சொன்னார்.

அந்த வாரம் சத்தியப்பிரியா நாவலை முதலிலிருந்து திரும்பப் படித்தாள். அந்த மோட்டார் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. சுவர் வைத்தபோது கிணறும் மோட்டாரும் அக்கா பங்குக்குப் போகின்றன. தொட்டி வழிந்தால் தண்ணீர் தங்கை வீட்டு முற்றத்தில்தான் கொட்டும். தேவானை ஒவ்வொரு முறையும் வாளியை எடுத்து வைப்பாளே தவிர, வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். சத்தியப்பிரியா இதையெல்லாம் படித்திருக்கிறாள். கதைக்குத் தேவையில்லாத சங்கதி என்று தாண்டிப் போயிருக்கிறாள். தான் போனில் எழுதிய அத்தியாயங்களையும் திறந்து பார்த்தாள். அவற்றில் ஒருத்தரும் தண்ணீர் பிடிக்கவில்லை, வீடு கூட்டவில்லை, ஒரு சட்டையைக்கூட மடிக்கவில்லை. எல்லோரும் அந்தரத்தில் நின்று மனசைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்தாள். அடுப்பில் பால் பொங்கியது. அதை இறக்கிவைக்காமல், பால் எப்படிப் பொங்குகிறது என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“என்னடி பண்றே?” என்று செல்வம் ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

“இரு, இரு. நீ ஓடிவந்ததையும் பாத்துக்கிட்டேன்.”

ஆலைக்குப் போனால் கண் அங்குட்டும் இங்குட்டும் பாய்ந்தது. இத்தனை வருடம் ஜன்னலுக்கு வெளியே சும்மா இருந்ததெல்லாம் இப்போது அவளைக் கூப்பிட்டது. லாரியின் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் நின்று, முகம் பார்க்காமலே கயிற்றால் பேசிக்கொள்கிறார்கள். எடைமேடையில் நிற்கும் பொன்னழகு, வண்டி ஏறியதும் எண் நிலைக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அவள் மூச்சு விட்டால் எடை மாறிவிடும் என்பதுபோல. சத்தியப்பிரியாவுக்கு அந்த மூச்சு போதுமாக இருந்தது. எடைமேடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிப் புதிதாகத் தொடங்கினாள்.

யார் எங்கே சேருவார்கள், யாருக்கு அறை விழும் என்று இந்த முறை அவள் முன்கூட்டியே யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணை எடைமேடையில் நிறுத்தினாள். கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தாள், சிந்திய நெல்லைக் கூட்டச் சொன்னாள். கூட்டிக்கொண்டே அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தாள். மூன்றாவது அத்தியாயம் வந்தது, போனது. நாலாவதில் தனக்கே தெரியாத ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் யார் என்று பார்க்க சத்தியப்பிரியா அவசரமாக அடுத்த வரியைத் தட்டினாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாட்டு நேரம் முடிந்து எவ்வளவோ ஆகியிருந்தது. வெளியே நாலு லாரி ஹார்ன் அடித்தன. வள்ளியப்பன் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“சத்தியப்பிரியா, பில் போடலையா? டிரைவர் எல்லாரும் கத்துறாக!”

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கட்டைவிரல்கள் பறந்துகொண்டிருந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஒரே நிமிஷம் சார். இவ இப்பத்தான் அவன்கிட்ட பொய் சொல்ல ஆரம்பிச்சிருக்கா.”

வள்ளியப்பன் வெளியே நின்ற லாரிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன பொய்?” என்றார்.